ஆறாத சூளைக்குள் போன தம்பிக்கு

நான் தூக்கி வளர்த்த என் தம்பி செல்வராசுக்கு,

நெஞ்சு வலிக்கிறது என்று சொன்ன உன்னை, அதற்கு மருந்து என்று சொல்லி ஆறாத சூளைக்குள் அனுப்பினார்கள். நீ உயிரோடு திரும்பவில்லை. இதை விபத்து என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அன்று சூளையிலிருந்து சாமான் இறக்கும் நாள். நான் பக்கத்துக் கொட்டகையில் பீங்கான் பொம்மைகளுக்குப் பூச்சு போட்டுக்கொண்டிருந்தேன். நெஞ்சு வலி என்ற உன்னிடம் முதலாளி மகன் செல்போனைக் காட்டிச் சொன்னது காதில் விழுந்தது.

"வெளிநாட்டுல இதுக்குன்னே ரூம் கட்டி வச்சிருக்கான்ணே. சவுனான்னு பேரு. தெனம் உக்காந்து வேத்தா ஹார்ட்டுக்கு நல்லதாம். ஒனக்கு இங்க ஓசியிலயே கெடைக்குது, போ."

"அப்ப நான் வெளிநாட்டுக்காரன்தான்னு எங்க அக்காகிட்ட சொல்லுங்க தம்பி" என்றாய். எல்லோரும் சிரித்தோம்.

உடம்பு வலியோ சளியோ, சூளைக்குள் நின்று வேர்த்துவிட்டு வருவது நம் ஆட்களின் வழக்கம். வாயுப் பிடிப்பு விட்டுவிடும் என்று நானும் நம்பினேன். தலையில் போட்டுக்கொள்ள உனக்குச் சாக்கை நனைத்துக் கொடுத்தவளே நான்தான். உள்ளே விழும்போது என்னைக் கூப்பிட்டாயா?

பிறகு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் அந்தச் சவுனாவைப் பற்றிக் கேட்டேன். "அளவோட பழகினா நல்லதுன்னு சொல்றாங்கதாம்மா. ஆனா அது திடமா இருக்கறவங்க கொஞ்ச நேரம் சும்மா உக்கார்றது. நெஞ்சு வலியோட போவக்கூடாது. அங்க யாரும் சாமான் தூக்கறதும் இல்ல" என்றார்.

இப்போது கம்பெனியில் ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறார்கள். நீயாகவே விரும்பி, வேர்வை எடுக்கப் போனாயாம். உன்னோடு வேலை செய்த நாலு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கேட்டால், "எங்களுக்கும் வேல வேணுமில்லக்கா" என்கிறார்கள். என்னிடமும் நீட்டினார்கள். பஸ்ஸின் ஊர்ப்பலகையைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றவள் நான். முழுக்கப் படித்தேன். போட மாட்டேன் என்றேன். மறுநாளே வேலைக்கு வராதே என்றார்கள்.

அந்தத் தாளை முதலாளி மகன் கிழித்துவிட்டு, தான் சொன்னதைச் சொன்னபடி எழுதித் தர வேண்டும். அந்த நாலு பேரும் உன் மனைவியின் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல வேண்டும். சூளை ஆறும்வரை ஒருவரையும் மேஸ்திரி உள்ளே விடக் கூடாது. தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீசில் உட்காராமல், கதவு திறக்கிற நேரத்தில் சூளை வாசலில் வந்து நிற்க வேண்டும். நெஞ்சு வலி என்று யார் சொன்னாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியது முதலாளி. இவை நடக்கும்வரை திங்கட்கிழமைதோறும் கலெக்டரிடம் கொடுக்க மனுவோடு கடலூர் பஸ் ஏற வேண்டியது நான். ஏறுவேன்.

உன் கூடப்பிறந்த அக்கா,
தனலட்சுமி