கப்பலில் நடு அறை

நெடுங்கேணி, ஆவணி 9, 1961

ஒரு உண்மையைச் சுயநலத்துக்காகச் சொன்னால் அது பொய்யாகிவிடுமா? எனக்குத் தெரியவில்லை.

லண்டனில் இருக்கும் அண்ணாவிடம் அவர் மனைவியை, என் மச்சாளை, தங்கச்சியான நான்தான் கப்பலில் கூட்டிப்போக வேண்டும். இன்று கப்பலின் படத்தை விரித்து வைத்து அறைகளைத் தெரிவு செய்தோம். அவருக்கு நடுவில், வேறு நாலு பெண்கள் இருக்கும் அறையில் ஒரு கட்டில். எனக்குப் பின்பக்கம், யன்னலோடு ஒரு அறை.

"நடுவிலை ஆட்டம் குறைவு மச்சாள். எங்கடை பஸ்சிலையும் பின்சீற்தானே தூக்கி எறியிறது."

"அப்ப நீங்கள் ஏன் பின்சீற்றிலை ஏறுறியள்?" என்று சிரித்தார். பிறகு மெதுவாக, "கடலைக் கண்டாலே எனக்குப் பயம். உங்கடை கையைப் பிடிச்சுக்கொண்டு போகலாமெண்டு இருந்தனான்," என்றார்.

நான் கப்பல் படத்தை மடித்து வைத்தேன். அவருடைய ஓயாத கதையைக் கிழமைக்கணக்காகக் கேட்க என்னால் முடியாது. நடுவில் ஆட்டம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அதற்காகவா அவரை அங்கே அனுப்பினேன்? காலையில் அவருடைய அறையை மாற்றிவிட வேண்டும்.

ஆவணி 10

தேத்தண்ணியோடு வந்து மச்சாளே கேட்டார்: "உங்கடை அறையிலை எனக்கொரு மூலை கிடைக்காதோ?"

அங்கே ஒரு கட்டில்தான் என்றேன். இரண்டு இருக்கின்றன. மத்தியானம் கொழும்பிலுள்ள கப்பல் கம்பெனிக்கு, அறைகளை மாற்றாமலே, பதிவுக் கடிதத்தைப் போட்டுவிட்டேன்.