பெயர் மாற்றத்துக்குக் காரணம்

அன்புள்ள நோக்,

நீ வேலை முடிந்து வரும்போது நான் வெளியே போயிருப்பேன். அதனால் இதை ரைஸ் குக்கர் மேல் வைக்கிறேன்.

இன்று உன் நிரந்தர வசிப்புரிமைக் காகிதங்களைக் கொடுக்கக் குடிவரவு அலுவலகம் போனேன். கவுண்டரில் இருந்த பெண், "விசா இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே, என்ன அவசரம்?" என்றாள். "அடுத்து குடியுரிமைக்கும் போடணும்ல" என்று சமாளித்தேன்.

அப்புறம் தாய்லாந்தில் கோன்கேனிலிருந்து உன் அக்கா அனுப்பிய சான்றிதழ்க் கட்டைப் புரட்டினாள். "உங்க மனைவி பேரு பூன்சிதானே? போன பிப்ரவரியில கன்யாபத்னு மாத்தியிருக்காங்களே?"

உன் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போன பத்து நாளில் இதையும் செய்தாயா? பன்னிரண்டு வருஷமாக நோக் என்றே கூப்பிடுகிறேன். காகிதத்தில் என்ன பெயர் இருந்தால் எனக்கென்ன? ஆனால் நாற்பத்து மூன்று வயதில் எதற்கு என்றுதான் மண்டை குடைந்தது. உன் அக்காவுக்குப் போன் போட்டேன்.

அவர் சிரித்தார். "இதுல என்ன இருக்கு தம்பி? நேரம் சரியில்லன்னா பிக்குகிட்ட கேட்டுப் பேர மாத்திக்குவோம். நானே மூணு தடவ மாத்திட்டேன்."

"இவ எதுக்கு மாத்தினா?"

"புருஷன் ஆயுசு நீளணும்னு கேட்டா."

என் மருத்துவப் பரிசோதனை முடிவு ஜனவரியில் வந்தது. அதைத் தூண்டில் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். புழுவுக்குப் பயந்து நீ அதைத் தொடவே மாட்டாய் என்று நினைத்தேன். எப்போது திறந்தாய்?

பெயர் மாற்றத்துக்குக் காரணம் எழுதிக் கொண்டுவரச் சொல்கிறார்கள். அதை நீயே எழுது. என் அவசரத்துக்கான காரணத்தை, ராத்திரி வந்து நானே சொல்கிறேன்.

இப்படிக்கு,
நீ யாருக்காகப் பெயரை மாற்றினாயோ, அவன்