ஐஸ் கட்டியின் நடுத்துண்டு

என் ஆசை அண்ணனுக்கு,

உலகச் சண்டை முடிந்துவிட்டது. திண்டிவனம் ஸ்டேஷனில் பட்டாளத்து வண்டிகள் குறைந்திருக்கின்றன. ஆனாலும் ரயிலில் உட்கார இடம் கிடைப்பதில்லை. நீ இருந்தால் இதற்கும் என்னைத்தான் திட்டியிருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. ஆராதனை முடிந்து, நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தின் விடுதிக்குத் திரும்பியதும் காது தானாக வாசல் பக்கம் போகிறது. நீ வேலை பார்த்த விழுப்புரம் ஐஸ் ஃபாக்டரியிலிருந்து, மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றிய கட்டியைத் தூக்கிக்கொண்டு, சட்டையெல்லாம் நனைந்து வருவாயே. "சாப்ட்டியா" என்றுகூடக் கேட்கமாட்டாய். "மைக்ராஸ்கோப் ரூம் சாவி எங்க? ஜல்தி எடு, கரையுது" என்பாய்.

தண்ணீர் ஓரத்திலிருந்துதான் உறையும், உறைய உறைய அழுக்கை நடுவுக்குத் தள்ளிக்கொண்டே போகும் என்று நீதான் சொன்னாய். நீ கொண்டுவரும் கட்டி சுற்றிலும் கண்ணாடியாக இருக்கும், நடுவில் மட்டும் வெள்ளை மூட்டம். அந்த நடுத்துண்டைக் கரைத்து ஒரு சொட்டு வைத்துப் பார்ப்போம். வெறுங்கண்ணுக்குத் தெரியாததெல்லாம் தெரியும். என்ஜின் கரி, மணல், ஏதோ பூவின் மகரந்தம். ஒருமுறை சிவப்பாக ஒரு துணுக்கு. மல்லாட்டைக் கடலைத் தோல் என்று நீயும் சேலை நூல் என்று நானும் சாயங்காலம் வரை சண்டை போட்டோம்.

வண்டிக்கு நேரமானதும் கிளம்பிவிடுவாய். தனியாக இருக்கும் தங்கை எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்டதுண்டா? "எங்கண்ணன் ஐஸுக்காகத்தான் வரான், எனக்காக இல்ல" என்று எல்லா டீச்சரிடமும் சொல்லியிருக்கிறேன். காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகும் அந்தக் குறை போகவில்லை. எனக்காக ஒருநாளாவது வந்தாயா, அண்ணா?

போன வாரம் உன் பெட்டியை எடுத்துவர ஃபாக்டரிக்குப் போனேன். உன்னோடு வேலை பார்த்த கோவிந்தன் டீ வாங்கிக் கொடுத்தார். பக்கத்தில் ஐஸ் கட்டிகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றில்கூட நடுவில் மூட்டம் இல்லை. கட்டியின் ஊடே பின்னால் இருந்த சுவர் தெரிந்தது.

"இப்பதான் இவ்ளோ சுத்தமா வருதா?" என்று கேட்டேன்.

"எப்பவுமே இப்பிடித்தாங்க டீச்சர். நடுவுல உறையாம நிக்கிற தண்ணிய குழா வுட்டு உறிஞ்சிட்டு, நல்ல தண்ணி ஊத்துவோம். உங்கண்ணன்தான் சனிக்கெழமயானா ஐஸ் உறைய வெக்கிற டப்பாவுல ஒண்ண மட்டும் யாரையும் தொடவுட மாட்டாரு. அது பக்கத்துலயே நின்னுக்கினு இருப்பாரு. 'இது என் தங்கச்சிக்கு. இதுல ஒண்ணும் இல்லன்னா நான் என்னா சொல்லிக்கினு அங்க போறது'ம்பாரு."

அங்கேயே அழுதுவிட்டேன். கோவிந்தன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

நேற்று ஞாயிறு. மைக்ராஸ்கோப் அறையைத் திறந்து சும்மா உட்கார்ந்திருந்தேன். உன்னைப் பார்க்கவேண்டும்போல் இருக்கிறது, அண்ணா. வெறுங்கையோடு நீ வந்திருந்தால் நான் என்ன கதவையா சாத்தியிருப்பேன்?

டீச்சர்களிடம் சொன்னதை மாற்றிச் சொல்லப்போகிறேன். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, எங்கண்ணன் என்னைப் பார்க்கத்தான் வந்தான் என்று சொல்வேன். இது சத்தியம்.

உன் தங்கச்சி,
எஸ்தர்