எண்ணெய் ஊறிய இடம்

ஜூன் 3, செவ்வாய்

நான் பஸ் ஏறும் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கிற சூப்பர் மார்க்கெட், தன் பார்க்கிங் தரையைச் சரிசெய்ய எங்கள் கம்பெனியைக் கேட்டிருக்கிறது. முதலாளி இரண்டு போட்டோவைக் காட்டி, "இத வச்சே எஸ்டிமேட் போட்டுடலாமே" என்றார். போட்டோவில் எல்லாத் தாரும் கருப்பாக, ஒழுங்காகத்தான் தெரியும். நடந்து பார்க்காமல் கணக்குப் போட மாட்டேன் என்றேன்.

"இந்தப் பிடிவாதம் யார்கிட்டேர்ந்து வந்துச்சு உனக்கு?"

அம்மாவிடமிருந்துதான். பதில் ஊரின் மறுகோடியில் டிரைவிங் ஸ்கூல் நடத்திக்கொண்டிருக்கிறது.

ஜூன் 4, புதன்

மானேஜர் கூடவே நடந்து வந்தார். "மேலாப்ல ஒரு கோட்டிங் குடுத்துட்டா பளபளன்னு ஆயிடும்ல?" ஆகும், துவைக்காத சட்டைக்கு இஸ்திரி போட்ட மாதிரி. லாரி திரும்பும் இடத்தில் தரை வலை வலையாக வெடித்திருக்கிறது. மிதித்தால் ஆடுகிறது. அடியில் ஜல்லி போய்விட்டது, தோண்டித்தான் ஆகவேண்டும். சாக்பீஸால் சுற்றி வளைத்துக் கோடு போட்டேன். மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்க்க இன்னொரு தடவை போக வேண்டும்.

மத்தியானம் முழுக்க அம்மா நினைப்பு. அப்பாவும் அவளும் பிரிந்து எத்தனையோ வருடமாகியும், அவர் படுக்கையில் விழுந்தபோது நான் போய்ப் பார்த்துக்கொண்டதை அவளால் பொறுக்க முடியவில்லை. "போறதுன்னா அங்கயே இருந்துக்கோ" என்றாள். அப்பா போய் இரண்டு வருடமாகிறது. இன்னும் நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. அவள் குரலைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. திட்டினாலும் பரவாயில்லை.

ஜூன் 5, வியாழன்

கடைசி வரிசை, மூலைக் கட்டம். மற்ற கட்டங்களில் எண்ணெய்க் கறை சுவர்ப் பக்கம். வருகிறவர்கள் மூக்கை நுழைத்து அப்படியே நிறுத்திவிடுகிறார்கள். இங்கே மட்டும் கறை வெளிப்பக்கம். யாரோ ரிவர்ஸில் ஏற்றி நிறுத்துகிறார்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன், தடையே இல்லாமல் இறங்கியது. ஒரு நாள் ஒழுகினால் கறைதான் படும். தார் இப்படி இளகவேண்டுமானால் அதே வண்டி அதே இடத்தில் மாதக்கணக்கில் வந்து நின்றிருக்க வேண்டும். 'வெட்டி எடுக்கணும்' என்று குறித்துவிட்டு எழுந்தேன்.

எழுந்து நின்றபோதுதான் முழுதாகப் பார்த்தேன். பெரிய கறை ஒன்று. அதற்கு இடப்பக்கம் ஒரு சாண் தள்ளிச் சின்னது ஒன்று.

எங்கள் வீட்டுப் போர்டிகோவில் இதே ஜோடி இருந்தது. பசுவும் கன்னும் என்று அம்மா அதற்குப் பேரே வைத்திருந்தாள். வண்டியைச் சரிபண்ணச் சொன்னால், "ஒழுகுதுன்னா உள்ள ஆயில் இருக்குன்னு அர்த்தம். நின்னுபோனாத்தான் கவலப்படணும்" என்பாள். ரிவர்ஸில் நிறுத்தத் தெரியாத யாரையும் அவள் டெஸ்ட்டுக்கு அனுப்பியதில்லை.

இல்லை. ஊரில் எத்தனை ஓட்டை வண்டி ஓடுகிறது. எனக்கென்ன பைத்தியமா?

ஜூன் 6, வெள்ளி

மூலைக் கட்டத்தில் நிறுத்துவது யாரென்று வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டே விட்டேன்.

"மேல டிரைவிங் ஸ்கூல் போர்டு வச்ச பழைய காரா மேடம்? காலைல வரும். ஒரு அம்மா. எறங்கவே மாட்டாங்க, கடைல ஒரு சாமான் வாங்கினதில்ல. முன்னாடி ரோட்ல பஸ் போனதும் அவங்களும் போயிடுவாங்க."

அந்தக் கட்டத்தில் போய், டிரைவர் சீட் உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன். நேர் எதிரே என் பஸ் ஸ்டாப். தினமும் அங்கே பஸ் வரும் திசையைப் பார்த்தபடி, இந்த இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஏம்மா, என் முதுக மட்டும் பாத்துட்டுப் போறியா? ஒரு ஹாரன் அடிச்சா என்ன? ரோட்ல போற வர எல்லாருக்கும் அடிப்பியே!

ஜூன் 9, திங்கள்

பஸ்ஸை விட்டேன். அடுத்ததையும் விட்டேன். முதுகெல்லாம் கூசியது. திரும்பவில்லை — திரும்பினால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள், அப்புறம் வரவே மாட்டாள். ரோஷக்காரி.

ஜூன் 10, செவ்வாய்

இன்றும் திரும்பவில்லை. நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன்.

ஜூன் 11, புதன்

எஸ்டிமேட்டை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். திங்கட்கிழமை வேலை ஆரம்பம். பார்க்கிங் முழுவதையும் அடைத்துவிடுவோம். மூலைக் கட்டத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன், வெட்கக்கேடு. எண்ணெய் ஊறிய தார்மேல் எதைப் போட்டாலும் ஒட்டாது, உரிந்து வந்துவிடும்.

தடுப்பைப் பார்த்துவிட்டு அம்மா வேறு இடம் தேடுவாளா? இல்லை, இதோடு போதும் என்று விட்டுவிடுவாளா?

ஜூன் 13, வெள்ளி

விடிந்ததிலிருந்து மழை. தேங்கும் தண்ணீரைப் பார்க்கிற சாக்கில், ஸ்டாப்புக்குப் போகாமல் மழைக்கோட்டோடு உள்ளே போனேன். வண்டி நின்றிருந்தது, வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கழுத்தை நீட்டி நீட்டி ஸ்டாப்பில் என்னைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியைத் தட்டினேன். வாயில் வேலைப் பேச்சுதான் வந்தது.

"வண்டிய எடுக்கணும்மா. இந்த எடத்த வெட்டப் போறோம்."

தொப்பிக்குள் இருப்பது நான் என்று புரிய அவளுக்குக் கொஞ்சம் நேரம் ஆனது. கண்ணாடியை இறக்கினாள்.

"எதுக்கு வெட்டணும்?"

"ஆயில் ஒழுகி ஊறிப்போச்சு."

"என் வண்டி ஒழுகாது."

"பசுவும் கன்னும் கீழ நிக்குதும்மா."

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழ ஆரம்பித்தாள். நானும், சத்தமாகவே. வாட்ச்மேன் அண்ணன் குடையோடு ஓடிவந்து, யாரை யார் இடித்தது என்று விசாரித்தார்.

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பஸ்ஸு போயிடுச்சு பாரு."

ஜூன் 16, திங்கள்

காலையில் மூலைக் கட்டத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். இருந்து பார்த்துவிட்டுத்தான் ஆபீசுக்குக் கிளம்பினேன்.

பஸ்ஸில் போகவில்லை. அந்த வண்டியில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு, சொல்லிக்கொடுக்கிறவருக்காக. எதிரே லாரி வரும்போதெல்லாம் என் கால் தானாக அதை மிதித்துவிட்டது. "ஓட்டறது நானா நீயாடி?" என்று ஆபீஸ் வாசல்வரை அம்மா திட்டிக்கொண்டே வந்தாள்.