சஷ்டி முடிந்த பிறகும்

21 ஜனவரி 1992
மழை விட்டுவிட்டது. வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்க ஆள் கிடைக்கவில்லை. கச்சேரியில் அரசாங்க வேலை முடிந்து வந்து நானே இறங்கினேன்.

மகள் மலர் இன்றும் பகல் சாப்பிடவில்லையாம். கந்தசஷ்டிக்குத் தண்ணீரோடு விரதம் இருந்தவள். சஷ்டி முடிந்து இரண்டு மாதமாகியும் பாறணை செய்து விரதம் முடிக்காதவள் போலத்தான் திரிகிறாள். பக்கத்து வீட்டு மீனாம்பிகை அக்கா, "முருகன் அவளை ஆட்கொண்டிட்டான்" என்கிறார். பராசக்திக்கு அதில் பெருமை. பெற்ற தாய். எனக்கென்ன தெரியும்?

9 பெப்ரவரி
ஆட்டுக்குக் கழுநீர் வைக்கப் போனேன். வாளிக்குள் சோறும் பருப்பும், மலருக்குப் போட்டுக் கொடுத்தபடியே.

"ஊரெல்லாம் அரிசிக்கு வரிசையிலை நிக்குது. நீ ஆட்டுக்குப் போடுறியோ?"

"பசிக்கேல்லை அப்பா."

அழவில்லை. வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

3 மார்ச்
கோயில் வீதியில் மயங்கி விழுந்துவிட்டாள். ஓடிப்போய்த் தூக்கினேன். இருபது வயதுப் பிள்ளை. சின்னதில் தூக்கியபோது இதைவிடப் பாரம்.

ஆஸ்பத்திரியில் சளி, இரத்தம் எல்லாம் பார்த்தார்கள். கசநோய் இல்லையாம், நெஞ்சு சுத்தமாம். சத்துக் குளிசை தந்து அனுப்பிவிட்டார்கள். வேறு என்ன செய்வது? யாரிடம் கேட்பது?

13 ஏப்ரல்
வருஷப்பிறப்பு. மூன்று பேருக்குப் பொங்கினோம். இரண்டு பேர் சாப்பிட்டோம்.

6 மே
மனநோய் பார்க்கிற டொக்டர் செபநாயகத்திடம் கூட்டிப்போனேன். சொந்தக்காரர் யாருக்கும் சொல்லவில்லை. மலரோடு நெடுநேரம் கதைத்தார். பிறகு அவளை வெளியே இருத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஐயா, இது விரதமுமில்லை, பிடிவாதமுமில்லை. வருத்தம், சாப்பாட்டை மறுக்கிற நோய். இந்த வருத்தக்காரர் பட்டினியாலை மட்டும் சாகிறேல்லை. தாங்களாச் சாகிறவையும் இருக்கினம். அவவைத் தனிய விடாதேங்கோ. சாகிற யோசினை இருக்கோ எண்டு நேரை கேளுங்கோ."

"கேட்டா, இல்லாத யோசினையை நாங்கள் குடுத்த மாதிரி ஆகாதோ டொக்டர்?"

"ஆகாது. நான் கேட்டன், எனக்கு மறுமொழி சொல்லேல்லை. உங்களுக்குச் சொல்லுவா."

வரும்போது சைக்கிளில் பின்னால் இருந்தாள். மருதனார்மடம் வரைக்கும் வாய் திறக்க முயன்றேன். அங்கிருந்து வீடு வரைக்கும் மழையைப் பற்றிக் கதைத்தேன்.

11 மே
இன்றும் கேட்கவில்லை.

23 மே
காலையில் குண்டு போடுகிற பொம்மர் வந்தது. நானும் பராசக்தியும் பங்கர்க் குழிக்குள் இறங்கிவிட்டோம். மலர் வரவில்லை. எட்டிப் பார்க்கிறேன் — முற்றத்தின் நடுவே நிற்கிறாள். அண்ணாந்து பார்த்தபடி. பயந்த முகமில்லை அது. பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற முகம்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். "என்னை விடுங்கோ அப்பா" என்றாள். இழுத்து உள்ளே கொண்டுவந்தேன். எங்கேயோ தெற்கே குண்டு விழுந்தது. மண் உதிர்ந்தது.

அந்த இருட்டுக்குள்தான் கேட்டேன். "பிள்ளை, நீ சாக யோசிக்கிறியோ?"

"என்ன கேள்வி உது?" என்று பராசக்தி கத்தினாள்.

மலர், "ஓம்" என்றாள்.

பிறகு அவளே சொன்னாள். "சாப்பிட்டாலும் பயமாக் கிடக்கு. சாப்பிடாட்டிலும் பயமாக் கிடக்கு. தலைக்குள்ளை ஒராள் இருந்து நாள் முழுக்க ஏசிற மாதிரி. அதை நிப்பாட்ட எனக்கு வேறை வழி தெரியேல்லை."

பொம்மர் போய்விட்டது. நாங்கள் மூன்று பேரும் வெளியே வரவில்லை. நான் பிடித்த கையை விடவில்லை.

24 மே
டொக்டர் செபநாயகம் வார்ட்டில் சேர்த்துக்கொண்டார். பராசக்தி பாயோடு அங்கேயே.

17 ஜூன்
கொடுக்க வேண்டிய மருந்து கப்பலில் வரவில்லையாம். "இருக்கிறதை வைச்சுப் பாப்பம்" என்றார் டொக்டர். இருப்பது ஒரு தாதி. கஞ்சிக் கோப்பையோடு மலருக்குப் பக்கத்தில் இருக்கிறா. ஏசுவதில்லை, கெஞ்சுவதுமில்லை. கரண்டி வாய்க்குப் போகுமட்டும் இருக்கிறா. நான் வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். அந்தப் பொறுமை எனக்கு வராது போலிருக்கிறது. வர வேண்டும்.

30 ஓகஸ்ட்
வீட்டுக்கு வந்து ஒரு கிழமை. இரண்டு நேரம் சாப்பிடுகிறாள், எங்களைப் பார்க்காமல்.

மீனாம்பிகை அக்கா வந்து, "நல்லா உடம்பு வைச்சிட்டாய் பிள்ளை" என்று கன்னத்தைத் தடவினா. அவ அன்பாகத்தான் சொன்னா. மலர் எழும்பிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பின்னேரம் வரைக்கும் கதவுக்கு வெளியே குந்தியிருந்தேன். உள்ளே அவள் நடக்கிற சத்தம் கேட்கக் கேட்கத்தான் எனக்கு மூச்சு வந்தது.

4 ஒக்ரோபர்
காலையில் மலர் தாயிடம், "அம்மா, சட்டைக் கை இறுக்குது" என்றாள். பராசக்தி குசினிக்குள் போய்ச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில். நான் மலரின் முகத்தைப் பார்த்தேன். அதில் சந்தோஷம் இல்லை. எலும்பும் தோலுமாக இருந்தபோது பயந்தேன். சதை வைக்கும்போதும் பயப்படுகிறேன்.

பகல் கொஞ்சம்தான் சாப்பிட்டாள்.

பின்னேரம் தோட்டத்தில் கத்தரிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றேன். யாரும் அனுப்பாமல், வரம்பால் நடந்து வந்தாள்.

"அப்பா, இண்டைக்கு அந்த யோசினை வருது. என்னோடை இருங்கோ."

மண்வெட்டியைப் போட்டேன். தண்ணீர் தன்பாட்டில் ஓடியது. வரம்பில் இருந்தோம்.

இதை எழுதும்போதும் பக்கத்தில்தான் இருக்கிறாள். தாய் சீப்பால் தலை இழுத்துவிடுகிறாள்.