பறிக்காத சுரைக்காய்

காடாம்புலியூர்
27.4.2014

அன்புள்ள லிடியா அப்பாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் பிள்ளையும் சுகம். போனில் இரண்டாவது வார்த்தையே சண்டையாகிவிடுவதால் எழுதுகிறேன்.

என்னிடம் சொல்லாமல் எட்டு வயதுப் பிள்ளையை ஏரியில் இறக்கினீர்கள். நான் தேடிக்கொண்டு கரைக்கு வந்து சேரவும் அவள் முங்கவும் சரியாக இருந்தது. நீங்கள்தான் நீந்திப் போய்த் தூக்கினீர்கள், இல்லையென்று சொல்லவில்லை. நான் கரையில் நின்று கத்தினேன். எனக்கு வேறென்ன தெரியும்? நீங்களோ, "ரெண்டு வாய் தண்ணிதானே குடிச்சா, இதுக்கா இப்படிக் கத்திக்கினு நிக்கிற" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் பிள்ளையோடு இங்கே என் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இனி ஏரிப் பக்கமே போகமாட்டேன் என்று எழுதி அனுப்புங்கள். இல்லையென்றால் ஜூனில் லிடியாவை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவேன்.

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். அவை என்ன பாவம் செய்தன? சுரைக்காயைப் பிஞ்சிலேயே பறித்துவிடுங்கள். முற்றவிட்டால் கொடி ஓய்ந்துவிடும்.

எவாஞ்சலின்

நெய்வேலி
4.5.2014

அன்புள்ள எவாஞ்சலினுக்கு,

பர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்ததும் முதல் வேலை தோட்டம்தான். கத்தரி பூத்துவிட்டது. மல்லிகையைப் பறிக்க ஆளில்லாமல் கீழே கொட்டுகிறது. குவார்ட்டர்ஸில் உன் சத்தமும் இல்லை, பிள்ளை சத்தமும் இல்லை.

நான் சிரித்தது தப்பு. பயந்து போய்ச் சிரித்தேன்.

ஆனால் நீ கேட்டபடி எழுதித் தர மாட்டேன். மைன்ஸில் வெந்துவிட்டு வருகிறவனுக்கு ஏரியில் மல்லாந்து மிதக்கிற அரை மணி நேரம்தான் சுகம். அதை லிடியாவுக்கும் காட்ட ஆசைப்பட்டேன். அதையும் விடச் சொன்னால் எப்படி?

அலெக்ஸ்

காடாம்புலியூர்
15.5.2014

லிடியா அப்பாவுக்கு,

பக்கத்துவீட்டு விருத்தாம்பாள் அக்கா போன் பண்ணினார்கள். "பெரிய சுரக்கா ஒண்ணு முத்திப்போய்த் தொங்கிக்கினு இருக்குது. உங்க வூட்டுக்காரரு கண்டுக்கல. துண்டைத் தோள்ல போட்டுக்கினு தினம் ஏரிக்குப் போறாரு" என்றார்கள்.

ஒரு காயைப் பறிக்கச் சொன்னதைக்கூடச் செய்யாதவரிடம் பிள்ளையை எப்படி நம்பி விடுவது? இங்கே பள்ளிக்கூடத்தில் இடம் இருக்கிறதாம். டி.சி. வாங்கி அனுப்புங்கள்.

எவாஞ்சலின்

நெய்வேலி
20.5.2014

அன்புள்ள எவாவுக்கு,

டி.சி. வாங்கவில்லை. வாங்கவும் மாட்டேன்.

அந்தக் காயை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். சிறு வயதில் என் அப்பா காய்ந்த சுரைக்குடுக்கையை என் முதுகில் கட்டித்தான் நீச்சல் பழக்கினார். குடுக்கை மிதந்தால் பிள்ளையும் மிதக்கும். அது இல்லாமல் லிடியாவை இறக்கியது என் புத்திகெட்ட வேலை.

குலுக்கினால் விதைச் சத்தம் கேட்கும்வரை அது காய வேண்டும். அடுத்த கோடைக்குத்தான் ஆகும். அதுவரை அவளை ஏரியில் இறக்க மாட்டேன். அப்போதும் கயிற்றை நீ கட்டினால்தான் இறக்குவேன். வேண்டாமென்றால் விதைக்கு எடுத்துக்கொள். நான் மட்டும் ஏரிக்குப் போவேன், இதில் மறைக்க ஒன்றுமில்லை.

நீ சொன்னது சரி, கொடி ஓய்ந்துகொண்டு வருகிறது. இன்னும் இரண்டு பிஞ்சுதான் இருக்கிறது. பறித்துவிடவா?

அலெக்ஸ்

காடாம்புலியூர்
28.5.2014

அன்புள்ள லிடியா அப்பாவுக்கு,

பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டாம் என்று என் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு என் மேல் கோபம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பஸ் ஏறுகிறோம். ஆர்ச் கேட் பஸ் ஸ்டாப்பில் வந்து நில்லுங்கள். பலாப்பழம் வேறு இருக்கிறது, என்னால் தூக்க முடியாது.

என் கோபம் இன்னும் முழுக்கத் தீரவில்லை. என் பிள்ளை முங்கும்போது நான் கரையில் நின்றேன். இன்னொரு தரம் அப்படி நிற்க மாட்டேன்.

அந்த இரண்டு பிஞ்சையும் பறிக்காதீர்கள். தண்ணீரில் என்னைத் தாங்க ஒன்று போதாது.

உங்கள்
எவா