கல்லறைக் காவலும் ஜெயரட்ணத்தின் வைரவரும்

மே 3, சனி

முதியோர் சங்கத்துப் பஸ்ஸில் முப்பத்தாறு பேரை நூதனசாலைக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்து கோயிலுக்குப் போவதாகத் திட்டம். பத்தொன்பது வருடம் நான் தரை துடைத்த கட்டடம் அந்த நூதனசாலை. சீன மண்சிற்பங்களின் கண்ணாடிப் பெட்டிகளில் எழுதியிருப்பதை அகராதி வைத்துச் சொல் சொல்லாக வாசித்தவன் நான். யாரும் படிப்பிக்கவில்லை.

மூன்றடி உயர மிருகம். மனித முகம், உச்சியில் கொம்பு, தோளில் தீச்சுவாலை போலச் சிறகு, காலில் குளம்பு. ஆயிரத்து முந்நூறு வருடப் பழசு. நான் வாய் திறக்குமுன்பே கனகாம்பிகை சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர்.

"வைரவர்தானே, அண்ணை?"

"இல்லைத் தங்கச்சி. செத்தவரோடை கல்லறைக்குள்ளை வைச்சு மூடுற காவல்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. மகளுக்கு இது பிள்ளை பிறக்கும் மாதம். கோயிலில் அருச்சனை செய்யத் தட்டோடு வந்தவர்.

"ஐயோ, சாவீட்டுச் சாமானையோ கும்பிட்டனான்!"

பிறகென்ன? துடக்காம். வீட்டுக்குப் போய்த் தலைமுழுகித் தோயாமல் கோயில் வாசல் மிதிக்கக்கூடாதாம். பஸ் நேரே நாங்கள் குடியிருக்கும் ஸ்காபரோவுக்குத் திரும்பியது.

மே 4

கும்பிடச் சொன்னது நானா?

மே 11

சங்கக் கூட்டம். தலைவர் ஜெயரட்ணம் ஊரில் வங்கி மனேச்சராக இருந்தவர். இன்னும் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"உண்மை கிடக்கட்டும், இரத்தினவேல். ஓம், வைரவர்தான் எண்டு விட்டிருந்தால் சனம் சந்தோசமாய்ப் போயிருக்கும். மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் தாரும். இல்லாட்டி ஜூன் பயணத்தை நானே நடத்துறன்."

"உங்களுக்கு அதைப்பற்றி என்ன தெரியும்?"

"உமக்கு மட்டும்? தும்புத்தடியாலை கூட்டிக்கொண்டு படிச்ச படிப்புத்தானே."

சிரித்தார்கள். எல்லோரும். வெளியே வந்துவிட்டேன். தேத்தண்ணியும் குடிக்கவில்லை.

மே 18

விட்பியிலிருந்து மகள் யதுஷா ரெலிபோன் எடுத்தாள். கதை அங்கேயும் போய்விட்டது.

"அப்பா, ஜஸ்ட் சொறி எண்டு எழுதுங்கோவன். வட்ஸ் த பிக் டீல்?"

பெரிய விசயந்தான். ஒரு குயவன் ஒரு செத்த மனிதருக்காகச் செய்து வைத்த காவல். அவருடைய எலும்பு எங்கே போனதோ தெரியாது. அது இன்னும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறது. அதற்கு எங்கள் சாமியின் பெயரை ஒட்டிவிட்டால் அது எங்களுடையதாகிவிடுமா? எங்கள் வைரவருக்கு வேறு யாராவது வேறு பெயர் வைத்தால் இவர்கள் சும்மா இருப்பார்களா?

கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாமோ? — இல்லை. கேட்டார், சொன்னேன்.

மே 29

கடிதம் எழுதவில்லை. எழுதவும் மாட்டன்.

ஜூன் 14, சனி

இன்று அவர்களுடைய பயணம். எனக்குப் பஸ்ஸில் இடமில்லை. சப்வேயில் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன்.

ஜெயரட்ணம் பெட்டிக்கு முன்னால் நின்று, "இவர்தான் சீனாக்காரரின்ரை வைரவர்" என்று தொடங்கினார். நான் தாளை எடுப்பதற்குள் முன்வரிசையில் ஒரு குரல்.

"பொய் சொல்லாதேங்கோ." கனகாம்பிகை. "உது செத்தவைக்குக் காவல். தெரியாமல் கும்பிட்டுட்டு நான் ஒரு கிழமை நித்திரை கொள்ளேல்லை. பேரன் சுகமாய்ப் பிறந்து முப்பத்தொண்டாம் நாள் துடக்கும் கழிஞ்சுது. அவனுக்கு ஒண்டும் நடக்கேல்லை. அதுக்காக உது வைரவராகுமே?"

ஜெயரட்ணம் கையிலிருந்த கடதாசியைப் பார்த்தார். அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

கனகாம்பிகை திரும்பி என்னைக் கண்டார். கோபம் ஆறிய முகமில்லை அது. "அண்ணை, உங்கை என்ன ஒளிச்சு நிக்கிறியள்? உடம்பெல்லாம் பச்சையும் மஞ்சளுமாய் மினுங்குது, முகம் மட்டும் ஏன் வெறும் மண்?"

சூளையில் சுட்ட பிறகு முகத்துக்குச் சாயத்தால் எழுதுவார்கள், மண்ணுக்குள் கிடந்து அது உதிர்ந்துவிடும் என்று தொடங்கினேன். பிறகு கொம்பு. பிறகு அதனோடு சோடியாக வைக்கும் சிங்கமுகம். யாரோ எனக்கு ஒரு மடக்குக் கதிரை கொண்டுவந்து வைத்தார்கள்.

இந்த முறையும் கோயிலுக்குப் போய்ச் சேரவில்லை. நாங்கள் வெளியே வரும்போது நடை சாத்தும் நேரம் தாண்டிவிட்டது. பிழை முழுக்க என்னுடையதுதான். அதற்கும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.